குழந்தைக்கு ஆஸ்துமா, பெற்றோருக்கு மனப்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமா மூச்சுக்குழாயில் வரும் நோய். அதற்குப் பெற்றோருக்கு எதற்கு மனப்பயிற்சி?

மருந்தை எழுதித் தருவது மருத்துவர். ஆனால் அதைக் குழந்தையின் நுரையீரலுக்குள் கொண்டு சேர்ப்பது பெற்றோரின் கை. எப்போது கொடுப்பது, எத்தனை பஃப் (இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து), எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது என்ற முடிவுகளும் அவர்களுடையவை. ஆஸ்துமா இரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் படுத்தும் என்பதால், தூக்கம் கெட்ட, பயந்த மனத்தோடுதான் இந்த முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த மனம் இரண்டு விதமாகத் தவறும். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும். இல்லையென்றால் பதறிப்போய்ப் படிகளைத் தாண்டும். இன்ஹேலரைக் குலுக்க மறந்துவிடும், ஸ்பேசருக்குள் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழாய்) மூன்று பஃப்பைச் சேர்த்து அடித்துவிடும், முகமூடி கன்னத்தில் சரியாகப் பதியாமல் மருந்து வெளியே கசியும். பிறகு “மருந்து கேட்கவே இல்லை” என்ற முடிவுக்கு வருவார்கள். உண்மையில் மருந்து உள்ளே போகவே இல்லை.

நீண்டகாலப் பாதிப்பும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு மனச்சோர்வு இருந்தால் தினசரி மருந்து தவறுவதும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவதும் கூடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் பெற்றோரின் மனநிலையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

பயிற்சியில் என்னதான் செய்வார்கள்? உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுவதா?

பேச்சு உண்டு, ஆனால் அது பாதிகூட இருக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஒரு குழுவில் ஆறிலிருந்து பத்துப் பெற்றோர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. மனநல ஆலோசகர் ஒருவரும், ஆஸ்துமா தெரிந்த செவிலியர் அல்லது மருத்துவர் ஒருவரும் சேர்ந்து நடத்த வேண்டும். ஆலோசகர் மட்டும் இருந்தால் “இந்த இருமலுக்கு மருந்து கொடுக்கலாமா” என்ற கேள்வியில் அமர்வு நின்றுவிடும். செவிலியர் மட்டும் இருந்தால் பெற்றோர் அழ ஆரம்பித்ததும் பேச்சு இன்ஹேலருக்குத் திரும்பிவிடும்.

முதல் அமர்விலேயே எல்லோரும் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையில் எடுத்துச் செய்து காட்ட வேண்டும். வருடக்கணக்கில் தவறாகச் செய்துவருபவர்கள் அதிகம். இதைச் சரிசெய்யாமல் பயத்தைக் குறைக்கப் போனால், நியாயமான பயத்தைப் போக்கிய தப்பு நேரும். அதன்பின் பதற்றத்தைக் கையாள்வது, மருந்து வேளைகளைப் பழக்கமாக்குவது, பிள்ளையின் அடத்தைச் சமாளிப்பது, வீட்டுக்குள் வேலையைப் பங்கிடுவது, குற்ற உணர்வு என்று போகும். மூன்று மாதம் கழித்து ஒரு மீள்பார்வை அமர்வு இருந்தால் நல்லது, ஏனென்றால் கற்ற படிகள் முதல் சளிக்காலத்திலேயே நழுவத் தொடங்கும்.

இளைப்பு வந்ததும் கை நடுங்குகிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

பயம் அடங்கட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். அது அடங்காது. பயத்தோடேயே செய்யும்படி உடலைப் பழக்குவதுதான் பயிற்சி.

மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்துமா செயல்திட்டத்தை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, இன்ஹேலர் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அப்படி எழுத்தில் திட்டம் இல்லையென்றால் அடுத்த முறை பார்க்கும்போது கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கே அதுதான் அடிப்படை. இளைப்பு வந்ததும் செய்ய வேண்டிய வரிசை இது:

1. குழந்தையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம்.
2. நிவாரண இன்ஹேலரை (இளைப்பு வந்தால் போடுவது) குலுக்குங்கள். குலுக்கும்போதே நீங்கள் ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்: நான்கு எண்ணும் நேரம் உள்ளே, ஆறு எண்ணும் நேரம் வெளியே. இது உங்களுக்கு, குழந்தையை இப்படி மூச்சுவிடச் சொல்லாதீர்கள்.
3. ஸ்பேசரில் ஒரே ஒரு பஃப். குழந்தை ஐந்தாறு முறை இயல்பாக மூச்சு இழுத்துவிடட்டும். சத்தமாக எண்ணுங்கள்.
4. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். மொத்தம் எத்தனை என்பது உங்கள் அட்டையில் உள்ள எண்.
5. தொடங்கிய நேரத்தையும் பஃப் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடம் இருபது நிமிடம் போலத் தோன்றும்; சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்.

சத்தமாக எண்ணுவது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் எண்ணும் வாய் புலம்பாது, எண்ணிக்கை தவறாது, அடுத்து என்ன என்று குழந்தைக்கும் தெரிகிறது. “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று சொல்லாதீர்கள். மூச்சு முட்டும் குழந்தைக்கு அது பொய் என்று தெரியும், உங்கள் குரலும் அதைக் காட்டிக்கொடுக்கும். “மூச்சு கஷ்டமா இருக்குன்னு தெரியுது. மருந்து ரெடி. நான் அஞ்சு எண்ணுறேன், நீ மூச்சு விடு” என்பது போதும்.

உதடு நீலமாவது, வாக்கியத்தை முடிக்க முடியாமல் ஓரிரு சொல்லோடு நிற்பது, விலா எலும்புகளுக்கிடையிலும் கழுத்துக்குழியிலும் தோல் உள்ளிழுப்பது, குழந்தை துவண்டு மயங்குவது, பால் குடிக்கும் குழந்தை குடிக்க முடியாமல் விடுவது, மருந்து கொடுத்தும் குறையாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர ஊர்தி. நிவாரண மருந்து நான்கு மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி இளைத்தாலும் அன்றே, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடுமையாக இளைத்துக்கொண்டிருந்த குழந்தைக்கு வீசிங் சத்தம் (மூச்சில் கேட்கும் விசில் போன்ற ஒலி) திடீரென நின்று சோர்வு மட்டும் மிஞ்சினால் அதைத் தேறுதல் என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே போகாமலும் சத்தம் நிற்கும்.

மாதம் ஒருமுறை, குழந்தை நன்றாக இருக்கும் நாளில், மருந்தை அடிக்காமல் இந்த வரிசையைச் செய்து பாருங்கள். ஒருமுறை இரவு விளக்கை அணைத்தும் செய்யுங்கள். ஸ்பேசரின் வால்வு கழன்று எங்கோ கிடப்பதும், இன்ஹேலர் காலியாக இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இன்ஹேலரைக் குலுக்கிப் பார்த்து மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது, மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு மிச்சமிருக்கும். மீதிப் பஃப்களைக் காட்டும் எண்காட்டி இன்ஹேலரில் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் போட்ட பஃப்களைக் குறித்துவையுங்கள்.

இது ஆஸ்துமாவா, பயத்தில் வரும் மூச்சுவாங்கலா? எப்படிப் பிரிப்பது?

இருமலும், மூச்சை வெளியே விடும்போது வீசிங்கும் ஆஸ்துமா பக்கம். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, தலைசுற்றல், அடிக்கடி பெருமூச்சு ஆகியவை பயத்தின் பக்கம். ஐந்தாறு வயதுக்கு மேல் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி) ஊதத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் உதவி கூடுதல்: தன்னுடைய சிறந்த அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஊதினால் மூச்சுக்குழாய் ஓரளவு திறந்திருக்கிறது, 50க்குக் கீழே என்றால் அவசரம். பயந்த பிள்ளை சரியாக ஊதாது என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சந்தேகம் என்றால் ஆஸ்துமா என்றே வைத்து மருந்து கொடுங்கள். பயத்துக்கு இரண்டு பஃப் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் கொஞ்சம் கை நடுக்கமும் படபடப்பும்தான். ஆஸ்துமாவைப் பயம் என்று விட்டால் இழப்பு பெரிது. பிரித்துப் பார்க்கும் வேலையை மறுநாள் மருத்துவரோடு செய்யலாம்.

குழந்தை நன்றாகத் தூங்குகிறது. நான்தான் ராத்திரி பத்துமுறை எழுந்து மூச்சைப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: குழந்தை இருமலால் இரவில் விழிக்கிறதா? விழித்தால் பிரச்சினை உங்கள் மனத்தில் இல்லை, நோய் கட்டுக்குள் இல்லை. மருத்துவரிடம் போங்கள்.

நோய் கட்டுக்குள் இருந்தும் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால், சோதனையை நிறுத்தப் பார்க்காதீர்கள், நேரம் குறியுங்கள். முதல் வாரம் அலாரம் வைத்து மூன்று முறை. அடுத்த வாரம் இரண்டு. பிறகு நீங்கள் படுக்கப் போகும்போது ஒரே ஒரு முறை. இடையில் பார்க்கத் தோன்றினால் பயம் பத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். காலையில் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். இரண்டு வாரத் தாளைச் சேர்த்துப் பார்க்கும்போது மனம் கொடுத்த எச்சரிக்கைகளில் எத்தனை உண்மையானது என்று கண்ணுக்குத் தெரியும். வெறும் ஆறுதல் வார்த்தை இதைச் செய்யாது.

ஒவ்வொரு சோதனையிலும் பார்க்க வேண்டியதை வரையறுங்கள்: விலா உள்ளிழுக்கிறதா, வீசிங் கேட்கிறதா, ஒரு முழு நிமிடத்தில் எத்தனை மூச்சு. நலமாகத் தூங்கும் நாளில் ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்பது வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50. சளிக்காலத்தில் மூன்று முறைக்குத் திரும்பலாம். அது பின்னடைவு அல்ல, திட்டத்திலேயே இருக்க வேண்டியது.

அழுதால் இளைக்கும் என்பதால் கண்டிக்கவே பயமாக இருக்கிறது. பிள்ளைக்கும் அது தெரிந்துவிட்டது.

பயிற்சிக் குழுக்களில் தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்வி இது. அழுகையும் சிரிப்பும் மூச்சுக்குழாயைச் சுருக்கத் தூண்டலாம் என்பது உண்மை. ஆனால் நோய் நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு, ஓர் அழுகை பெரிய தாக்குதலாக மாறுவது அபூர்வம். அழும்போதெல்லாம் இளைக்கிறது என்றால் தினசரி மருந்தின் அளவையும் போடும் முறையையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருந்தையும் விதியையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். ‘டிவி போதும்’ என்றதும் பிள்ளை அழுது இருமுகிறது. வீசிங், விலா உள்ளிழுப்பு, பேச்சுத் தடை மூன்றையும் பாருங்கள். ஒன்று இருந்தாலும், அல்லது சந்தேகமாக இருந்தாலும், மருந்து கொடுங்கள். அப்போது விதியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். மூச்சு அமைதியானபின் டிவி அணைந்தேதான் இருக்கும். மருந்து எப்போதும் கிடைக்கும், டிவி கிடைக்காது என்பது இப்படித்தான் பதியும். இருமியதும் டிவியைப் போட்டுவிட்டால், இருமலுக்கு ஒரு பயன் இருப்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அதில் கள்ளத்தனம் ஏதும் இல்லை, எந்தப் பிள்ளையும் கற்கும். “நடிக்காதே” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். உண்மையாக மூச்சு முட்டும் நாளில் பிள்ளை சொல்லாமல் விட்டுவிடும்.

முகமூடியைக் கண்டாலே அலறுகிறது. இறுக்கிப் பிடித்துத்தான் கொடுக்கிறோம்.

அழும் குழந்தைக்கு மருந்தின் மிகச் சிறிய பங்கே நுரையீரலை அடையும். அதனால் பழக்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஒதுக்குவது வீணில்லை. தினம் இருமுறை, இரண்டு மூன்று நிமிடம், மருந்து இல்லாமல் ஸ்பேசரை மட்டும் விளையாடக் கொடுங்கள். பிறகு பொம்மைக்கு, உங்களுக்கு, குழந்தையின் கைக்கு, கன்னத்துக்கு, கடைசியில் மூக்கும் வாயும் மூடும்படி இரண்டு நொடி. இரண்டு ஐந்தாகட்டும், ஐந்து பத்தாகட்டும். குழந்தை முகத்தைத் திருப்புவதற்கு முன்பே நீங்கள் எடுத்துவிட வேண்டும். அழுதபின் எடுத்தால் அழுகைதான் பழகும். முடிந்த கையோடு பாராட்டு, பொதுவாக ‘நல்ல பிள்ளை’ என்று சொல்லாமல் “அஞ்சு எண்ணுறவரைக்கும் வச்சிருந்தே” என்று செய்ததைச் சொல்லி.

இந்தப் பழக்கும் நாட்களிலும் தினசரி மருந்தை நிறுத்தக் கூடாது. தாக்குதல் நேரத்தில் பழக்கம் பார்க்க முடியாது. மடியில் முதுகு உங்கள் மார்பில் படும்படி அணைத்துப் பிடித்து, முகமூடியைப் பதித்துக் கொடுத்துவிட்டு, பிறகு சமாதானப்படுத்துங்கள். நான்கு வயதையொட்டி முகமூடியை விட்டு வாய்க்குழாய்க்கு மாறப் பாருங்கள், மருந்து மூக்கில் வீணாகாது.

தினசரி மருந்து அடிக்கடி விட்டுப்போகிறது. உண்மையில் ஸ்டீராய்டு என்பதாலும் தயக்கம்.

இரண்டும் வேறு வேறு. மறதிக்கு ஒழுங்கு வேண்டும், தயக்கத்துக்குப் பதில் வேண்டும்.

மறதிக்கு: மருந்தை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். பல் துலக்குவதற்கு முன் என்பது பொருத்தம், ஏனென்றால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லையென்றால் வாயில் வெண்புண் வரலாம். யார் கொடுப்பது என்று ஒரே பெயரை எழுதுங்கள். ‘இருவரில் யாராவது’ என்றால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தயக்கத்துக்கு: தினமும் போடும் தடுப்பு இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராமில், அது முக்கியமாக நுரையீரலிலேயே வேலை செய்கிறது. வளர்ச்சியில் தாக்கம் அறவே இல்லை என்று சொல்வது பொய். குழந்தைகளின் ஆஸ்துமா பற்றி வட அமெரிக்காவில் நடந்த கேம்ப் ஆய்வில் சிறுவயதில் புடெசோனைடு என்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள் என்று 2012இல் வெளியானது. அந்தக் குறைவு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் நேர்ந்தது, பிறகு கூடிக்கொண்டே போகவில்லை. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், அதோடு ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்கும் மாத்திரையாகவோ ஊசியாகவோ தரும் ஸ்டீராய்டின் அளவு இதைவிடப் பல மடங்கு. இதை வைத்து, எந்தக் குறைந்த அளவில் நோய் அடங்குகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். தானாக நிறுத்துவதற்குப் பதிலாகக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மருந்து தொடங்கியதிலிருந்து பிள்ளையின் குணமே மாறிவிட்டது. இது மனப் பிரச்சினையா?

மருந்துப் பெயரை முதலில் பாருங்கள். நிவாரண இன்ஹேலரில் உள்ள சல்பூட்டமால் போட்டபின் சிறிது நேரம் கை நடுக்கமும் படபடப்பும் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பும் வரும், தானே அடங்கும். தாக்குதலின்போது சில நாள் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எரிச்சலையும் தூக்கமின்மையையும் தரலாம். காலையில் கொடுத்தால் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. கவனமாக இருக்க வேண்டியது மாண்டெலுகாஸ்ட் என்ற, வாய்வழி தரும் ஆஸ்துமா மருந்து. கெட்ட கனவு, முரட்டுத்தனம், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்பதால் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020 மார்ச்சில் அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, சேர்த்தது. அந்த மருந்தில் இருக்கும்போது இப்படி மாற்றம் கண்டால் உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். ‘அடம், வயசுக் கோளாறு’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

என்னால்தான் வந்தது என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.

ஆஸ்துமாவுக்கு மரபும் சூழலும் சேர்ந்த பல காரணங்கள். அதில் உங்கள் பங்கைத் தனியே பிரித்தெடுக்க யாராலும் முடியாது. பயிற்சியில் இதை இரண்டு பத்தியாக எழுதச் சொல்வார்கள்: மாற்ற முடியாதவை, இன்று மாற்றக்கூடியவை. பரம்பரையும் குறைமாதப் பிரசவமும் முதல் பத்தியில். வீட்டில் யாராவது புகைத்தால் அது இரண்டாவது பத்தியில்தான் வரும், அங்கே ஆறுதல் சொல்லி மழுப்பக் கூடாது. பால்கனியில் புகைத்துவிட்டு வந்தாலும் உடையிலும் முடியிலும் ஒட்டிய புகை உள்ளே வருகிறது. குற்ற உணர்வில் ஒளிந்து புகைப்பதைவிட, நிறுத்துவதற்கு மருத்துவ உதவி கேட்பது பயன் தரும்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. “இன்ஹேலர் பழகிவிடும், வேண்டாம்” என்கிறார்கள்.

வாதாடி வெல்ல முடியாது. அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு அவரையே அழைத்துச் செல்லுங்கள், கேள்வியை அவரே கேட்கட்டும். இன்ஹேலர் அடிமையாக்காது; நிவாரணி அடிக்கடி தேவைப்படுகிறதென்றால் தடுப்பு மருந்து போதவில்லை என்று பொருள். அதுவரை ஓர் உடன்பாடு: கருத்து எதுவானாலும் அட்டையில் உள்ளது நடக்கும், விவாதம் குழந்தை இல்லாத இடத்தில்.

பிள்ளையிடம் பொறுப்பை எப்போது ஒப்படைப்பது?

ஏழு வயதுவரை பெரியவர் கொடுக்க, பிள்ளை எண்ணட்டும். எட்டிலிருந்து பதினொன்றுவரை பிள்ளை செய்ய, பெரியவர் பார்க்கட்டும். அதற்குமேல் பிள்ளையே செய்யட்டும், வாரம் ஒருமுறை எண்காட்டியைச் சேர்ந்து பாருங்கள். பதின்வயதில் மொத்தமாகக் கைவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இன்ஹேலர் எடுக்கத் தெரிவதும் தினம் எடுப்பதும் வேறு. தவறவிட்டதைச் சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் உண்மையைச் சொல்வார்கள்.

பயிற்சி போதாது, மனநல சிகிச்சை வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

பல பயிற்சிகளில் பிஎச்கியூ-9, ஜிஏடி-7 என்ற இரண்டு வினாத்தாள்களைத் தருவார்கள். முதலாவது மனச்சோர்வுக்கு, 27 வரை. இரண்டாவது பதற்றத்துக்கு, 21 வரை. எதிலாவது பத்தோ அதற்கு மேலோ வந்தால் தனி மதிப்பீடு தேவை. சாகத் தோன்றுகிறது என்றால் மொத்த எண்ணைப் பார்க்கத் தேவையில்லை, அன்றே உதவி தேடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்வந்த குடும்பங்களில், அந்தக் காட்சி ஒரு மாதத்துக்குமேல் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, மருத்துவமனைப் பக்கமே போக முடியாதது ஆகியவை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலாக இருக்கலாம். குழுப் பயிற்சி இதற்குப் போதாது, தனிச் சிகிச்சை உண்டு.

பலன் தெரிகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

‘மனசு லேசாக இருக்கிறது’ என்பதை மட்டும் வைத்து இல்லை. நான்கு முதல் பதினொரு வயதுவரை குழந்தைகளுக்கான ஆஸ்துமா கட்டுப்பாட்டுத் தேர்வில் ஏழு கேள்விகள். முதல் நான்குக்குப் பிள்ளையே பதில் சொல்லும், மீதி மூன்று உங்களுக்கு. 27க்கு 19 அல்லது அதற்குக் கீழே என்றால் கட்டுப்பாடு போதவில்லை. தொடங்கும்போதும் மூன்று மாதம் கழித்தும் போட்டுப் பாருங்கள். அதோடு தவறிய மருந்து வேளைகள், பள்ளிக்கு விடுப்பு, நீங்கள் தூங்கிய மணிநேரம். இத்தகைய பயிற்சிகள் பற்றிய ஆய்வுகள் பல சிறியவை, முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. அதனால் உங்கள் வீட்டுக் கணக்கு முக்கியம்.

எந்தப் பயிற்சியில் சேரக் கூடாது?

மூச்சுப்பயிற்சியோ தியானமோ செய்தால் இன்ஹேலர் தேவைப்படாது என்று சொல்லும் எதிலும். மருத்துவரின் செயல்திட்டத்தைக் கேட்காமலே தொடங்குவதிலும், ‘உன் பதற்றம்தான் பிள்ளைக்கு நோயாக வந்திருக்கிறது’ என்று பழி போடுவதிலும்.

பிள்ளையையும் அழைத்து வர வேண்டுமா?

இன்ஹேலர் அமர்வுக்கு மட்டும். மற்ற அமர்வுகளில் பெற்றோர் தங்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்வார்கள், அதைப் பிள்ளை கேட்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு அட்டை எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வாருங்கள்.